ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் சுற்றுகிறதா? கராஜ் திரையில் தெரியும் ரைடு ஹைட்டை நம்பாதீர்கள்

கேள்வி: அசெட்டோ கோர்சா கோம்பெட்டிசியோனே என்ற கார் ரேஸ் கேமில் ஜிடி3 வகை ரேஸ் கார் ஓட்டுகிறேன். ஸ்பா டிராக்கில் லா சோர்ஸ் போன்ற மெதுவான திருப்பங்களில் கார் சொன்னபடி கேட்கிறது. அதே டிராக்கின் வேகமான திருப்பமான பூஹோனில் நுழையும்போது ஆக்சிலரேட்டரை லேசாக விட்டாலே பின்பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. பின் ஆன்டி-ரோல் பாரை (கார் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பி) கடைசிவரை மென்மையாக்கிப் பார்த்தேன். இப்போது மெதுவான திருப்பத்தில் முன்பக்கம் திரும்ப மறுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய செட்டப்பில் (காரின் அமைப்பு எண்கள் அடங்கிய கோப்பு) இன்னும் மோசம். எதை மாற்றுவது?

பதில்: முதலில் அந்த ஆன்டி-ரோல் பாரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. மெதுவான திருப்பத்தில் நன்றாக இருக்கும் கார் வேகமான திருப்பத்தில் மட்டும் மிரளுகிறது என்றால் கோளாறு காற்றில் இருக்கிறது. டயர், டிஃபரன்ஷியல், ஆன்டி-ரோல் பார் இவற்றில் கோளாறு இருந்தால் லா சோர்ஸிலேயே தெரிந்திருக்கும்.

காற்று காரைத் தரையில் அழுத்தும் விசைதான் டவுன்ஃபோர்ஸ், அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 100 கி.மீ. வேகத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு 200 கி.மீ. வேகத்தில் இருக்கும். அந்த அழுத்தத்தில் ஸ்பிரிங் அமுங்கி கார் தரையை நோக்கி இறங்குகிறது. முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்காது. கராஜில் நிற்கும்போது நீங்கள் வைத்த உயரமும் பூஹோனுக்குள் நுழையும்போது இருக்கும் உயரமும் வேறு வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். முன் ரைடு ஹைட், அதாவது தரையிலிருந்து காரின் உயரம், 55 மி.மீ., பின் 75 மி.மீ. என்று வையுங்கள். பின்பக்கம் 20 மி.மீ. உயரம். இந்த வித்தியாசத்தைத்தான் ரேக் என்கிறோம். முன் அச்சில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஒரு மி.மீ. அமுங்க 300 நியூட்டன் வேண்டும், பின் அச்சுக்கு 240 வேண்டும். 200 கி.மீ. வேகத்தில் முன்னால் 3,600 நியூட்டன், பின்னால் 4,800 நியூட்டன் டவுன்ஃபோர்ஸ் என்றால் முன்பக்கம் 12 மி.மீ., பின்பக்கம் 20 மி.மீ. இறங்கும். ரேக் இப்போது 12 மி.மீ. கார் அமைதியாகத்தான் போகிறது.

இப்போது ஆக்சிலரேட்டரை விடுகிறீர்கள். காற்றின் தடையும் என்ஜின் பிரேக்கும் சேர்ந்து அரை ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) வேகம் குறைகிறது என்று கணக்குக்காக வையுங்கள். 1,300 கிலோ எடை, 45 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையம், 2.65 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) என்றால் ஏறத்தாழ 1,080 நியூட்டன் பின்னாலிருந்து முன்னால் மாறுகிறது. மூக்கு 3.6 மி.மீ. இறங்க, வால் 4.5 மி.மீ. எழும்பும். 12 ஆக இருந்த ரேக் 20 ஆகிவிட்டது. அதே இடத்தில் ஒன்றரை ஜி அளவுக்கு பிரேக் போட்டால் ரேக் 36. டயர் அமுங்குவது, பிரேக்கில் மூக்கு குனிவதைக் குறைக்கும் சஸ்பென்ஷனின் ஆன்டி-டைவ் வடிவமைப்பு இதையெல்லாம் நான் சேர்க்கவில்லை. அளவு பிடிபட்டால் போதும்.

மூக்கு தரையை நெருங்கினால் ஸ்பிளிட்டர் (முன் பம்பருக்கு அடியில் நீளும் தட்டு) இன்னும் பலமாகக் கீழே இழுக்கும். வால் எழும்பினால், காரின் அடியில் பின்பக்கம் மேல்நோக்கி விரியும் பகுதியான டிஃப்யூசரின் பிடி தளரும். ஆக, பின் டயரின் மேலிருந்து எடை விலகும் அதே நொடியில் காற்றின் அழுத்தமும் முன்னால் தாவிவிடுகிறது. இரண்டு அடியும் ஒன்றாக விழுகின்றன. லா சோர்ஸில் முதல் அடி மட்டும்தான், அதை டயர் தாங்கிக்கொள்கிறது.

ஆன்டி-ரோல் பார் ஏன் உதவவில்லை என்பதும் இதில் தெரியும். ஒரு அச்சின் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது அந்தக் கம்பி முறுக்கப்படுவதே இல்லை. கார் குனிவதையும் எழும்புவதையும் அது தடுக்காது. பக்கவாட்டில் சாய்வதை மட்டும்தான் கவனிக்கும்.

சரி, செய்ய வேண்டியது. டெலிமெட்ரியை, அதாவது ஓடும்போது பதிவாகும் காரின் தரவுகளைப் படிக்கும் மென்பொருள் மோடெக் ஐ2 ப்ரோ, அது இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். கேமில் எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தில் டெலிமெட்ரி லேப் எண்ணிக்கையை ஐந்தாக வைத்து ஐந்து சுற்று ஓட்டுங்கள். நான்கு சக்கரங்களின் சஸ்பென்ஷன் டிராவல் கோடுகளையும், வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர் கோடுகளையும் ஒரே திரையில் வையுங்கள். பூஹோனில் ஆக்சிலரேட்டரை விடும் இடத்துக்கு முன் அரை நொடி, பின் அரை நொடி. இந்த ஒரு நொடியில் முன் இரண்டும் எவ்வளவு அமுங்குகின்றன, பின் இரண்டும் எவ்வளவு விரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி செய்யும் ஒவ்வொரு மாற்றமும் இந்த எண்ணைக் குறைக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

காரின் அமைப்பை மாற்றும் கராஜ் திரையிலேயே கேம் செய்தவர்கள் இதைக் காட்டியிருக்கலாம். ஐரேசிங் என்ற கேமில் பல கார்களுக்கு, ஓடும்போதான உயரத்தைக் கொடுத்தால் டவுன்ஃபோர்ஸ் முன்-பின் எப்படிப் பிரிகிறது என்று சொல்லும் ஏரோ கால்குலேட்டர் இருக்கிறது. மற்ற பல கேம்களில் நிற்கும் காரின் உயரம் மட்டும்தான், டேம்பருக்கோ (ஷாக் அப்சார்பர்) வெறும் கிளிக் எண். ஏழு என்றால் எதில் ஏழு? வருடக்கணக்கில் கேட்டும் பதில் இல்லை. அப்டேட் வந்தால் ‘ஏரோடைனமிக்ஸ் மேம்படுத்தப்பட்டது’ என்று ஒரு வரி மட்டும் வரும். எவ்வளவு, எந்தக் காருக்கு என்று நாமேதான் தோண்டி எடுக்க வேண்டும்.

முதல் மாற்றம், பின் ரைடு ஹைட்டை 2 அல்லது 3 மி.மீ. குறையுங்கள். இதிலேயே பாதி பயம் போய்விடும். ஆனால் இது ரேக்கின் தொடக்க அளவைத்தான் குறைக்கிறது, ஆக்சிலரேட்டரை விட்டதும் வரும் 8 மி.மீ. குதியல் அப்படியே இருக்கும். அதனால் ஐந்து, ஆறு என்று இறக்கிக்கொண்டே போகாதீர்கள். முன்பக்கம் மந்தமாகிவிடும், பின் பம்ப் ஸ்டாப்பும் இடிக்க ஆரம்பிக்கும்.

குதியலைப் பிடிக்க முன் பம்ப் ஸ்டாப்தான் சரியான கருவி. சஸ்பென்ஷன் குறிப்பிட்ட அளவு அமுங்கியதும் வந்து முட்டும் தடுப்பு அது. முட்டிய பிறகு ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதுவும் எதிர்த்து நிற்கும். நம் கணக்கில் 200 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் 12 மி.மீ. இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு மி.மீ. இறங்கினால் முட்டும்படி வைத்தால், ஆக்சிலரேட்டரை விட்டதும் மூக்கு கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும். மெதுவான திருப்பத்தில் கடும் பிரேக்கில் ஒரு கணம் முட்டும், பிரேக்கை விட்டதும் விலகிவிடும். அதனால் லா சோர்ஸ் கெடாது. பம்ப் ஸ்டாப் ரேஞ்சை (முட்டும்வரை உள்ள இடைவெளி) ஒவ்வொரு கிளிக்காகக் குறையுங்கள், ஒவ்வொரு முறையும் மோடெக்கில் அந்த ஒரு நொடியைப் பாருங்கள். பம்ப் ஸ்டாப்பின் ரேட்டை (விறைப்பு) எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் முட்டும் கணத்தில் முன் டயர் பிடியை விட்டு, திருப்பத்தின் நடுவில் கார் நேராகப் போகும்.

அதுவும் போதவில்லையென்றால் முன் வீல் ரேட்டை (ஸ்பிரிங்கின் விறைப்பு) ஒரு படி ஏற்றி, முன் ஆன்டி-ரோல் பாரை ஒரு படி இறக்குங்கள். இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஸ்பிரிங் மூக்கு குனிவதையும் தடுக்கும், சாய்வதையும் தடுக்கும். பார் சாய்வதை மட்டும் தடுக்கும். ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கினால் சாய்வின் கணக்கு ஏறத்தாழ பழையபடியே இருக்கும், குனிவது மட்டும் குறையும். ஸ்பிரிங்கை மட்டும் ஏற்றினால் மெதுவான திருப்பத்திலும் முன்பக்கம் அடம்பிடிக்கும். பிறகு அதைச் சரிசெய்ய இன்னொன்று, அதற்கு இன்னொன்று என்று சங்கிலியாக நீளும்.

டேம்பரைக் கடைசியில்தான் தொட வேண்டும். பின் ஸ்லோ ரீபவுண்டை (அமுங்கிய சஸ்பென்ஷன் மெதுவாக விரிவதற்கு டேம்பர் தரும் தடை) இரண்டு கிளிக் ஏற்றினால் வால் எழும்புவது தாமதப்படும், அவ்வளவுதான். எழும்பும் அளவு மாறாது. அளவுக்கு மீறி ஏற்றினால் மேடுபள்ளங்களில் சக்கரம் திரும்பக் கீழே வர நேரம் கிடைக்காது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துகொண்டே போகும்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு நோய் உண்டு. திருப்பத்தின் நடுவில், பெடலை அசைக்காமலே பின்பக்கம் படக்கென்று உதறினால் அது வெளிப்பக்கப் பின் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் முட்டுவது. பின் ரைடு ஹைட்டைக் குறைப்பது அதை இன்னும் மோசமாக்கும். பின் பம்ப் ஸ்டாப் ரேஞ்சைக் கூட்டுங்கள். உங்களுக்கு ஆக்சிலரேட்டரை விட்டால்தான் வருகிறது என்பதால் இது உங்கள் நோய் இல்லை.

நீங்கள் வாங்கிய செட்டப்புக்கு வருவோம். செட்டப் என்பது சில கிலோபைட் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே எல்லா எண்ணும் தெரியும். யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து, பெயர் மாற்றி, ‘ப்ரோ’ என்று ஒட்டி விற்கலாம். அதே ஆளிடம் இரண்டு டிராக்குக்கு வாங்கியிருந்தால் இரண்டையும் அருகருகே திறந்து பாருங்கள். டயர் பிரஷரும் விங்கும் மட்டும் மாறி, ரைடு ஹைட், பம்ப் ஸ்டாப், டேம்பர் எல்லாம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் உங்கள் பணம் எதற்குப் போனது என்று தெரிந்துவிடும். வாங்குவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த வெர்ஷனில் செய்தது? எத்தனை லிட்டர் பெட்ரோலோடு? டிராக் வெப்பநிலை என்ன? அந்த லேப்பின் டெலிமெட்ரி கோப்பு தருவீர்களா? நான்காவதற்கு மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

விற்பவர் நேர்மையானவராக இருந்தாலும் சிக்கல் தீராது. அசல் வேகக்காரர்கள் பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டபடியே காரைத் திருப்புவார்கள். வால் இலேசாக நகர்வது அவர்களுக்கு வேண்டும், அதற்காகவே ரேக்கைக் கூட்டி வைப்பார்கள். ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விடும் கால் அந்தக் காரில் ஏறினால் பூஹோனில் சுற்றத்தான் சுற்றும். கூடவே அது குவாலிஃபையிங்கில் ஒரே ஒரு சுற்றுக்காகச் செய்ததாக இருக்கும், அதை ஒரு மணி நேர ரேஸில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். 2010களில் ரெட் புல் ஃபார்முலா 1 கார்கள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துவிட்டு ‘ரேக் கூடினால் வேகம் கூடும்’ என்று வீடியோ போடுகிறவர்களும் இதே ரகம்தான். அந்தக் காரின் தரைப்பகுதியும் உங்கள் ஜிடி3யின் தரைப்பகுதியும் ஒன்றா?

இவ்வளவும் தனியாக ஓட்டும்போது சரி. இன்னொரு காரின் பின்னால் ஓட்டும்போது கதை அப்படியே தலைகீழ், இதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. முன்னால் போகும் கார் காற்றைக் கலைத்துவிட்டுப் போகிறது. முதலில் பட்டினி கிடப்பது உங்கள் ஸ்பிளிட்டர்தான். முன் டவுன்ஃபோர்ஸ் குறைந்ததும், தனியாக ஓட்டும்போது சுற்றிய அதே கார் இப்போது திரும்பவே மறுக்கும். பிராக்டிஸில் வாலை அசையவே விடாமல் பூட்டி வைத்தவர்கள் ரேஸில் முதல் சுற்றிலேயே பூஹோனின் வெளிப்பக்கம் அகன்று போவது இதனால்தான். ரேஸ் முடிந்ததும் அவசரமாகப் பின் ரைடு ஹைட்டை ஏற்றுவார்கள். அடுத்த முறை முன்னால் கார் இல்லையென்றால் மறுபடி சுற்றல்.

அதனால் தனியாக ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் வால் நூலிழை அசைய வேண்டும், ஸ்டீயரிங்கை ஒரு சிறு திருத்தம் செய்தால் அடங்கிவிட வேண்டும். அந்த அளவோடு நிறுத்துங்கள். பிறகு ஒரு ஏஐ காரை முன்னால் விட்டு, ஒரு நொடி இடைவெளியில் ஐந்து சுற்று பின்தொடருங்கள். முன்பக்கம் கொஞ்சம் அகலத்தான் செய்யும். அதற்கு மருந்து செட்டப்பில் இல்லை, ஓட்டுவதில் இருக்கிறது. ஆக்சிலரேட்டரைச் சற்று முன்னதாக விடுங்கள், முன்னால் உள்ள காரின் வால் நடுவில் ஒட்டாமல் அரை கார் அகலம் தள்ளி ஓட்டினால் ஸ்பிளிட்டருக்கு நல்ல காற்று கிடைக்கும். அந்தச் சுற்றுகளை வைத்து ரைடு ஹைட்டையும் பம்ப் ஸ்டாப்பையும் மாற்றாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், மாற்றாதீர்கள்.

சோதனை எல்லாவற்றையும் ரேஸில் தொடங்கும் பெட்ரோல் அளவோடு, மாறாத வானிலையில் செய்யுங்கள். முதல் இரண்டு சுற்று டயர் சூடாவதற்குப் போய்விடும், மீதி மூன்றைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், ஒவ்வொன்றையும் தனிப் பெயரில் சேமித்து வையுங்கள். பின் விங்கை ஒரு கிளிக் ஏற்றினாலும் பூஹோன் அடங்கும் என்பது உண்மைதான். அதை முதலிலேயே செய்துவிட்டால் ஒவ்வொரு சுற்றும் ஸ்பாவின் நீளமான கெம்மல் நேர்ப்பாதையில் வேகம் குறைந்து அதற்கு வட்டி கட்டிக்கொண்டே இருப்பீர்கள். மேலே சொன்னவை எல்லாம் செய்தும் வால் அடங்காவிட்டால் மட்டும் அந்த ஒரு கிளிக்.