‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்ற பிறகும் இன்னொரு எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மாவுக்கு 58 வயது. வலது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று வலித்து, சில நொடிகளில் நின்றுவிடுகிறது. கடற்காற்று பட்டாலே துடித்துப்போகிறார். இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் தீரவில்லை. மூளை எம்.ஆர்.ஐ. ‘நார்மல்’. இப்போது மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தேவைதான். ஆனால் அதே படத்தை மீண்டும் எடுப்பதில் பயனில்லை.

நீங்கள் சொல்வது ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவின் அச்சு அசலான வர்ணனை. முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் ஐந்தாம் கபால நரம்பான ட்ரைஜெமினலில் எழும் வலி இது. பல்வலி என்று ஏமாந்து பல்லை இழப்பவர்கள் ஏராளம்.

வழக்கமான மூளை ஸ்கேன் 4, 5 மி.மீ. தடிமனில் துண்டு துண்டாகப் படமெடுக்கும். அந்த நரம்பே சில மி.மீ. பருமன்தான். மீனைத் தடித்த துண்டாக அரிந்தால் உள்ளே கிடக்கும் சன்ன முள் தெரியாது. அம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டாம். இப்போது தேவைப்படும் உயர் தெளிவுப் படத்தில் துண்டின் தடிமன் 1 மி.மீ.க்கும் குறைவு. மூளையைச் சுற்றியுள்ள நீர் வெள்ளையாகவும் நரம்பும் ரத்தக்குழாயும் கறுப்பு இழைகளாகவும் தெரியும். ‘சிஸ்’, ‘ஃபியஸ்டா’ என்று கருவிக்கேற்பப் பெயர் மாறும். 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவி இருந்தால் நல்லது.

தேடுவது இரண்டை. ஒன்று, கட்டியோ நரம்புறைத் தேய்வு நோயோ இருக்கிறதா என்பது. மற்றொன்று, நரம்பு மூளைத்தண்டைச் சேரும் இடத்தில் ரத்தக்குழாய் அழுத்துகிறதா என்பது. பெரும்பாலும் மேல் சிறுமூளைத் தமனிதான் அழுத்தும். அது துடித்துத் துடித்து நரம்பின் உறையைத் தேய்க்க, தொடு உணர்வு வலியாகப் பாய்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வலியே இல்லாதவர்களிடமும் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். ‘தொடுகிறது’ என்று அறிக்கையில் வந்ததும் அறுவை சிகிச்சைக்கு ஓடாதீர்கள். வலிக்கும் பக்கத்தில் நரம்பு வளைந்தோ மெலிந்தோ இருந்தால்தான் அது கனமான சான்று. எதுவுமே தெரியாவிட்டாலும் வலி பொய்யாகிவிடாது. நோயைச் சொல்வது அம்மாவின் வாய்தான். படம் சிகிச்சைக்கு வழிகாட்டும்.

ஸ்கேன் சீட்டில் ‘வலது ட்ரைஜெமினல் நரம்பு, மெல்லிய துண்டுகள்’ என்று எழுதி வாங்குங்கள். பேஸ்மேக்கர் போன்றவை உடலில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படத்துக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் மருந்து பெரும்பாலும் கார்பமசெபின். அதைத் தொடங்கிய வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. பழைய ஸ்கேனின் சி.டி.யையும் கொண்டுபோங்கள். அதுவரை மூன்றாவது பல்லில் யாரும் கைவைக்க வேண்டாம்.