சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்ட இடத்தில் அடப்பங்கொடிச் சாறு தடவலாமா?

தனுஷ்கோடி மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்குமே, ஆட்டுக் குளம்பு மாதிரி நுனி பிளந்த இலையோடு, அதுதான் அடப்பங்கொடி. நீங்கள் கேட்ட சாற்றை வெறும் பாட்டி வைத்தியம் என்று தள்ள முடியாது. இதன் வடிசாறு சொறிமீன் நஞ்சை மட்டுப்படுத்துவதாகத் தாய்லாந்து ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஓர் ஆய்வு 1991இல் வெளியானது. ஆனால் ஆய்வுக்கூட வடிசாறு வேறு, மணலோடு கசக்கிய இலை வேறு. அழுத்தித் தேய்த்தால் தோலில் ஒட்டிய நுண்ணிய நஞ்சுப் பைகள் மேலும் வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அதே கதைதான் (எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான்!). கடல் தண்ணீரில் அலசி, ஒட்டியிருக்கும் சொறிமீன் இழைகளை எடுத்துவிட்டு, பட்ட இடத்தைத் தாங்குகிற சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். அப்புறம் வேண்டுமானால் சாறு. மூச்சு முட்டினால் நேரே ஆஸ்பத்திரிதான்.