சுவரில் ஊதாப் பூச்செடி: பிடுங்க வேண்டுமா?

கேள்வி: லண்டனில் நாங்கள் வாங்கிய வீடு நூறு வருடத்துக்கு மேல் பழையது. தோட்டத்துச் செங்கல் சுவர் முழுக்க ஊதா நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்களோடு ஒரு கொடி முளைத்திருக்கிறது. ஊரில் அரசங்கன்று மாடிச் சுவரைப் பிளந்ததைப் பார்த்தவள் நான். இதையும் பிடுங்கிவிடவா?

பதில்: பூவுக்கு நடுவில் மஞ்சளாகப் புடைத்து, பின்பக்கம் சின்ன வால் மாதிரி நீட்டிக்கொண்டு, இலை ஐந்தாறு மடலாக இருந்தால் அது ஐவி-லீவ்ட் டோட்ஃபிளாக்ஸ். தாவரவியல் பெயர் சிம்பலேரியா மியூராலிஸ். இத்தாலி உள்ளிட்ட தென் ஐரோப்பாவின் பாறை இடுக்குகள்தான் இதற்குப் பூர்வீகம். 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. இத்தாலியப் பளிங்குச் சிலைகளோடு ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. நான் அதைக் கதையாகவே வைத்துக்கொள்கிறேன்.

சுவர் முழுக்கப் பரவியதற்குக் காரணம் பூக்காம்பின் சாமர்த்தியம். பூ விரிந்திருக்கும்போது காம்பு வெளிச்சத்தைப் பார்த்து நீளும். தேனீக்கு அப்போதுதான் கண்ணில் படும். கருவுற்றதும் அதே காம்பு திரும்பி, இருட்டைத் தேடி வளர்ந்து, விதைக்காயைக் கொண்டுபோய்ச் சுவர் இடுக்கில் செருகிவிடும். ஒரு காம்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள், நுனி காரைக்குள் மறைந்திருக்கும். போதாததற்குத் தண்டு கணுவுக்குக் கணு வேர் விடும்.

அரசோடு இதைச் சேர்க்காதீர்கள். அரச வேர் மரமாகப் பருத்து நெம்பும். இது மெல்லிய நார் வேர், பருக்காது. பழைய சுவரில் காரை ஏற்கெனவே உதிர்ந்த இடத்தில்தான் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். அங்கே நீங்கள் பயப்பட வேண்டியது பட்லியா என்ற புதர்ச்செடியின் கன்றுக்கும் மரக்கன்றுகளுக்கும். அவற்றைக் கண்டதும் பிடுங்குங்கள்.

ஒரு சாவியால் காரையைச் சுரண்டுங்கள். கெட்டியாக இருந்தால் செடியை விட்டுவிடலாம். பொடிப்பொடியாகக் கொட்டினால் பாயின்டிங் செய்யவேண்டும், அதாவது செங்கல் இடுக்குகளில் புதுக் காரை அடைக்கவேண்டும். அப்போது செடியை வேரோடு எடுங்கள். தண்டு சட்டென்று அறுந்துவிடும், மிச்சம் விட்டால் திரும்பத் துளிர்க்கும். அப்புறம், சிமெண்ட் மட்டும் வேண்டாம். அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் செங்கலிலேயே தங்கி, குளிரில் உறைந்து, செங்கலின் முகப்பு பொரிந்து உதிரும். உறைபனிக் காலம் முடிந்தபிறகு, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.