‘நானுக்கு வேணும்’ – மழலைப் பேச்சு பற்றிக் கேள்வி பதில்

பேச்சு, செவித்திறன் சிகிச்சையில் எனக்கு 19 ஆண்டு அனுபவம். நீங்கள் அனுப்பியவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நேரில் பார்க்காமல் எந்தக் குழந்தைக்கும் ‘இதுதான் பிரச்சினை’ என்று முடிவு சொல்ல முடியாது. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பாப்பாவுக்கு 3 மாசம். நான் பேசிக்கிட்டே இருப்பேன். “அதுக்கு என்ன புரியப் போகுது?”ன்னு வீட்டுக்காரர் கேட்கிறார். புரியுமா அக்கா?

சொல்லின் பொருள் புரியாது. ஆனால் உங்கள் குரலை அவள் பிறக்கும் முன்பே அறிவாள். ஆறு மாதக் கர்ப்பத்திலேயே காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள் பிறந்து சில நாளே ஆன குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரல் வரும்படி சப்பக் கற்றுக்கொண்டன.

இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். முகம் பார்க்கும்படி மடியில் கிடத்தி, “என்னடி தங்கம், பால் குடிச்சியா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். முதலில் கால் உதைக்கும், கண் விரியும், உதடு குவியும். கடைசியில் “ங்ங்ஆ” என்று ஒரு சத்தம் வரும். “ஆமாவா, குடிச்சியா!” என்று நீங்கள் சொன்னதும் அடுத்த சத்தம் வரும். உரையாடல் இங்கேதான் தொடங்குகிறது. குழந்தையிடம் பேசாத வீடுகள் நம்மிடம் குறைவு. கேள்வி கேட்டுவிட்டுக் குழந்தைக்கு முறை கொடுக்காமல் நாமே பதிலும் சொல்லிவிடுகிற வீடுகள்தான் அதிகம். வீட்டுக்காரரையும் உட்கார வைத்து அந்த ஐந்தை எண்ணச் சொல்லுங்கள்.

மகளுக்கு இரண்டே முக்கால் வயசு. ரெண்டு வயசுல “எனக்கு”ன்னு சரியா சொன்னவ, இப்போ “நானுக்கு வேணும்”, “நானோட பொம்மை”ங்கிறா. பின்னாடி போறாளா மேடம்?

இல்லை, ஒரு படி மேலே ஏறியிருக்கிறாள். இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

உங்கள் வீட்டில் யாராவது ‘நானுக்கு’ என்று பேசுவதுண்டா? கிடையாது. அப்படியென்றால் இதை அவள் யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. அவன் என்றால் அவனுக்கு, அண்ணன் என்றால் அண்ணனுக்கு, மீன் என்றால் மீனுக்கு. அப்படியானால் நான் என்றால் நானுக்குத்தானே! இரண்டு வயதில் ‘எனக்கு’ என்பதை ஒரு முழுச்சொல்லாக விழுங்கி வைத்திருந்தாள். இப்போது சொல்லைப் பிரித்து ‘உக்கு’ என்ற உருபைத் தனியே எடுத்துவிட்டாள். ‘நான்’ என்பது ‘என்’ ஆகத் திரியும் என்பது விதிவிலக்கு; அது பிறகு வரும்.

1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இல்லாத ஒரு பிராணியை வரைந்து அதற்கு ‘வக்’ என்று பெயர் வைத்தார். இரண்டைக் காட்டி என்ன என்று கேட்டபோது, அதுவரை கேட்டிராத அந்தச் சொல்லுக்குக் குழந்தைகள் சரியான ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்தார்கள். மனப்பாடத்தில் அது வராது. துருக்கி மொழியும் நம் மொழி போலவே உருபுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டும் மொழி. அங்கே குழந்தைகள் இரண்டு வயதுக்குள்ளேயே வேற்றுமை உருபுகளைப் பிழையில்லாமல் சேர்த்துப் பேசுவதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். விகுதிகள் அழுத்தமாகவும் ஒழுங்காகவும் வரும் மொழியில் குழந்தை அவற்றைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது.

“தப்பு, எனக்குன்னு சொல்லு” என்று நிறுத்தாதீர்கள். “ஓ, எனக்கு வேணும்னு கேக்கிறியா? இந்தா” என்று கொடுத்துவிடுங்கள். கேட்டதும் கிடைத்தது, சரியான வடிவமும் காதில் விழுந்தது.

நாங்க கனடாவுல இருக்கோம். பையனுக்கு 7 மாசம். வீட்டுல ஆங்கிலம்தான் அதிகம். 5 வயசுல தமிழ் வகுப்புல சேர்த்தா போதாதா?

சேருங்கள் தம்பி, ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் நாட்டிலேயே, வான்கூவரில், ஜேனட் வெர்க்கர் என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்தார். இந்தியில் நம் த, ட போன்ற இரண்டு ஒலிகள் உண்டு. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். அவர்களுடைய 6 முதல் 8 மாதக் குழந்தைகளோ இரண்டையும் பிரித்தறிந்தார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. 1984இல் வெளியான ஆய்வு இது. எந்த மொழி தன்னைச் சுற்றிப் புழங்குகிறதோ அதற்கேற்பக் காது தன்னைத் தீட்டிக்கொள்கிறது. உங்கள் மகன் இப்போது சரியாக அந்த மாதங்களில் இருக்கிறான்.

தமிழ்ப் பாட்டு வீடியோ போட்டுவிட்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளர் 2003இல் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 25 நிமிட அமர்வுகள் 12 வைத்து மாண்டரின் என்ற சீன மொழியைக் கேட்க வைத்தார். நேரில் ஒருவர் உட்கார்ந்து பேசி விளையாடியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்களை வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. ஆகவே குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் நீங்களே தமிழில் பேசுங்கள். பேச்சுத் தமிழே போதும், செந்தமிழ் வேண்டாம். ‘ழ’வைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தமிழ்நாட்டிலேயே நான்கு வயதுப் பிள்ளைகள் ‘வாயப்பயம்’ என்றுதான் கேட்கிறார்கள்.

பெங்களூரு. நான் தமிழ், கணவர் தெலுங்கு, வெளியே கன்னடம். பிளே ஸ்கூல்ல “வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, குழந்தை குழம்புது”ங்கிறாங்க.

நிறுத்தாதீர்கள். இந்த அறிவுரையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ‘தண்ணி’ என்றும் ‘நீள்ளு’ என்றும் சொன்னால் அது இரண்டு சொல். எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். கலந்து பேசுவது குழப்பமும் அல்ல, நாமும் கலந்துதான் பேசுகிறோம். எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் வருகிறதோ அதில் பேசுங்கள்.

மூணு வயசுப் பையன் திடீர்னு “நா நா நா நான்”னு திக்குறான்.

2 முதல் 5 வயதுக்குள் இது பல குழந்தைகளுக்கு வரும், பெரும்பாலோருக்குத் தானே போய்விடும். “மெதுவா சொல்லு” என்று சொல்லாமல் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். முகம் இறுகினாலோ, பேசவே தயங்கினாலோ, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ காட்டுங்கள்.

ஒன்றே முக்கால் வயசு. போன் காட்டினாதான் சாப்பிடுவான். ஏ முதல் இசட் வரை சொல்றான், கலர் பேரெல்லாம் சொல்றான். ஆனா “தண்ணி”ன்னு கேட்க மாட்டான்.

ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு. உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் முக்கியம். தாகம் எடுத்தால் என்ன செய்கிறான்? கையைக் காட்டி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா, உங்கள் கையைப் பிடித்து ஒரு பொருளைப் போலத் தள்ளிக்கொண்டு போகிறானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? உங்கள் கையைத் தள்ளிக்கொண்டு போனாலோ, கூப்பிட்டுத் திரும்பாவிட்டாலோ, போனை நிறுத்திப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாதங்களைக் கடத்தாமல் வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். எல்லாப் பழியையும் போன் மேல் போட்டு ஆட்டிசத்தைத் தாமதமாகக் கண்டுபிடித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

போனையும் நிறுத்தத்தான் வேண்டும். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, உறவினர்களோடு வீடியோ அழைப்பு மட்டும் பரவாயில்லை என்பது 2021இல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்ன வழிகாட்டுதல். சாப்பாட்டு நேரத்தில் “இட்லி சூடா இருக்கு, ஊதலாமா? உஃப்” என்று நடக்க வேண்டிய பேச்சை அந்தத் திரை விழுங்கிவிடுகிறது.

பேரனுக்கு 2 வயது 2 மாதம். அம்மா, தாத்தா, டாட்டா, மூன்றே சொல். அவன் அப்பனும் தாமதம்தான். ஆண் பிள்ளை மெதுவாகப் பேசும் என்கிறார்கள். வசம்பு தேய்க்கலாமா? நாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் சவ்வை வெட்டினால் பேச்சு வருமா?

ஐயா, வசம்பால் பேச்சு வராது. அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்ப்பதே தடை. நாக்கு ஒட்டினால் சில எழுத்துகளின் உச்சரிப்பு பாதிக்கலாம்; சொற்களே வராமல் இருக்க அது காரணம் அல்ல. ஆண் பிள்ளைகள் சராசரியாகச் சற்றுப் பின்தங்குவது உண்மை, ஆனால் இரண்டு வயதில் ஐம்பது சொல்லும், ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேர்ப்பதும் இருக்க வேண்டும். மூன்று சொல்லோடு காத்திருக்கக் கூடாது.

முதல் வேலை காது பரிசோதனை. ‘கதவு அடித்தால் திரும்புகிறான்’ என்பது போதாது. பலத்த சத்தம் கேட்டுப் பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்காத குழந்தைகள் உண்டு. “மூணு வயசு வரைக்கும் பொறுங்க” என்று ஓரிடத்தில் சொன்னதை நம்பி, மூன்றரை வயதில் என்னிடம் வந்தான் ஒரு பையன். இரண்டு காதிலும் குறை. கருவி மாட்டிய மறுநாள் அவன் அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னார்: குக்கர் விசில் அடித்ததும் விளையாடிக்கொண்டிருந்தவன் எழுந்து அடுப்படிக்கு ஓடிவந்து, குக்கரையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தானாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே முறை. அவனுக்கு மூன்று ஆண்டுப் பேச்சு போய்விட்டது.

மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்தைக் கேளுங்கள், கட்டணம் கிடையாது. இந்த வாரமே போங்கள்.

காது கேட்காத மகளுக்கு 14 மாசம். காதுக்குள்ள ஆபரேஷன் செஞ்சு பொருத்துற காக்ளியர் கருவிக்குக் காத்திருக்கோம். அதுவரை சைகை கத்துக்கொடுத்தா அப்புறம் வாய்ப்பேச்சு வராதுன்னு பயமுறுத்துறாங்க.

சைகை பேச்சைத் தடுப்பதில்லை. சைகை மொழியும் இலக்கணம் உள்ள முழு மொழி. சைகை பேசும் பெற்றோரின் காது கேளாத குழந்தைகள் வாயால் ‘பபப’ என்பதற்குப் பதில் கையால் மழலை பேசுவதை 1991இல் பெட்டிட்டோ என்ற ஆய்வாளரின் குழுவினர் பதிவு செய்தார்கள். மத்திய அமெரிக்க நாடான நிகராகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே சைகை மொழி எதுவும் கற்றுக்கொடுக்கப்படவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பழகிய சில சைகைகளோடு வந்து, விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் கலந்து, ஒரு புது மொழியையே உண்டாக்கினார்கள். பின்னால் வந்த சின்னக் குழந்தைகள்தான் அதன் இலக்கணத்தை இன்னும் செறிவாக்கினார்கள்.

உங்கள் மகளுக்கு இப்போதே ஒரு மொழி வேண்டும். பால், தூக்கு, இன்னும், வேண்டாம் என்ற நான்கு சைகையோடு தொடங்குங்கள். அவள் கண்மட்டத்தில் உட்கார்ந்து செய்துகாட்டுங்கள். பிறகு ஐந்து எண்ணுங்கள், அவள் கை அசையும்வரை.