டிபென்டென்சி நிறைவேறாத பேக்கேஜை ரெப்போவில் ஏற்கலாமா?

கேள்வி: எங்கள் குழுவுக்கென்று டெபியன் லினக்ஸுக்கான ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) ஒன்று நடத்துகிறோம். டிபென்டென்சிகள், அதாவது ஒரு பேக்கேஜ் இயங்கத் தேவையான லைப்ரரிகள், இன்னும் வராத நிலையிலேயே சிலர் பேக்கேஜை அனுப்பிவிடுகிறார்கள். என்ன விதி வைப்பது?

வாங்கி வையுங்கள், ஆனால் பயனர்கள் இன்ஸ்டால் செய்யும் பகுதிக்குள் விடாதீர்கள். 2000 கடைசியில் டெஸ்டிங் (அடுத்த வெளியீடு தயாராகும் பகுதி) வந்ததிலிருந்து டெபியனும் ஏறக்குறைய இப்படித்தான் நடத்துகிறது.

புதுப் பேக்கேஜ்கள் முதலில் வந்து சேரும் அன்ஸ்டேபிள் பகுதியில் ஒரு பேக்கேஜ் சில நாள் இன்ஸ்டால் ஆகாமல் கிடப்பது சகஜம். பில்ட் செய்யத் தேவையானது இல்லையென்றால் பில்ட் சர்வர் அதைத் தோல்வியாகக் குறிக்காது, காத்திருக்க வைக்கும். டெஸ்டிங் வாசலில்தான் கறார். அங்கே பிரிட்னி என்ற நிரல் டிபென்டென்சியைப் பொறுத்தவரை இரண்டு விஷயம் பார்க்கிறது: இந்தப் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகுமா, இது வருவதால் ஏற்கெனவே உள்ள எதுவும் இன்ஸ்டால் ஆகாமல் போகுமா. இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். லைப்ரரியின் புது வெர்ஷனில் ஒரு குறையும் இருக்காது, பழைய வெர்ஷனை நம்பியிருந்த மற்ற பேக்கேஜ்கள்தான் அந்தரத்தில் தொங்கும். அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் உள்ளே விட வேண்டும்.

அப்புறம், டிபென்டென்சி எந்த வகை என்று பாருங்கள். டிபென்ட்ஸ் (கட்டாயத் தேவை) என்றால் பேச்சே இல்லை, நிறைவேற வேண்டும். சஜஸ்ட்ஸ் (இருந்தால் நல்லது) இல்லாவிட்டால் பரவாயில்லை. நடுவில் இருக்கும் ரெக்கமெண்ட்ஸ் (பரிந்துரை)தான் தொல்லை. அது இல்லாமலும் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகிவிடும், ஏதோ ஒரு வசதி மட்டும் வேலை செய்யாது, ஏன் என்று தெரியாமல் பயனர் தவிப்பார். டெபியனின் அதிகாரப்பூர்வப் பகுதியான மெயினில் இருக்கும் பேக்கேஜ் மெயினுக்கு வெளியே உள்ள எதையும் டிபென்ட்ஸிலும் ரெக்கமெண்ட்ஸிலும் நம்பியிருக்கக் கூடாது என்பது டெபியன் கொள்கை. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

“அடுத்த வாரம் லைப்ரரியையும் அனுப்பிவிடுகிறேன்” என்று சொல்வதை வைத்து யாரையும் உள்ளே விடாதீர்கள். காத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் எது வர வேண்டும், யார் கொண்டுவருகிறார், எதுவரை கெடு என்று எழுதி வையுங்கள். கெடு தாண்டினால் எடுத்துவிடுங்கள், சரியானதும் மறுபடி அனுப்பட்டும்.

ஈக்விவ்ஸ் என்ற கருவியை வைத்து வெற்றுப் பேக்கேஜ் செய்து டிபென்டென்சி நிறைவேறியதாகக் காட்டுவதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. சொந்த மெஷினில் ஒருவர் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், பொது ரெப்போவில் அது பயனரிடம் சொல்லும் பொய்.

இதையெல்லாம் கண்ணால் சரிபார்க்க முடியாது. டெபியனில் பியூபார்ட்ஸ் என்ற சோதனைக் கருவி செய்வது போல, வெறும் சிஸ்டம் ஒன்றில் ஒவ்வொரு பேக்கேஜையும் இன்ஸ்டால் செய்து, அப்கிரேடு செய்து, நீக்கிப் பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் போட்டுவிடுங்கள்.