மைல்களை மாற்றித் தராதீர்கள், தேதி போட்ட டிக்கெட்டாகக் கொடுங்கள்

கேள்வி இது: "சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். விமானப் பயணங்களிலும் கிரெடிட் கார்டிலுமாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்கள் (டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய புள்ளிகள்) ஐம்பதாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருக்கின்றன. பெரும்பகுதி அடுத்த ஆண்டு காலாவதியாகிவிடும். தஞ்சாவூரில் இருக்கும் பெற்றோருக்கோ அக்கா குடும்பத்துக்கோ இவற்றைப் பரிசாகத் தர முடியுமா? அவர்கள் பெயரில் கணக்குத் தொடங்கி மாற்றிவிடலாமா?"

தரலாம். தாராளமாகத் தாருங்கள். ஆனால் கணக்கு மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கிரிஸ்ஃபிளையரில் ஒருவர் மைல்களை இன்னொருவர் கணக்குக்கு நகர்த்தும் வசதி கிடையாது. அதனால் இழப்பும் இல்லை. உங்கள் கணக்கிலிருந்தே அவர்கள் பெயரில் டிக்கெட் எடுக்கலாம். உங்களைத் தவிர ஐந்து பேரை நாமினிகளாக, அதாவது உங்கள் மைல்களில் டிக்கெட் எடுத்துத் தரக்கூடியவர்களாக, சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. ரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நண்பரையும் சேர்க்கலாம். முதல் ஐந்து பெயர்களைச் சேர்ப்பது இலவசம். பிறகு ஒருவரை நீக்கி வேறொருவரைச் சேர்த்தால் கட்டணம் உண்டு என்பதால் அந்த ஐந்து இடங்களையும் யோசித்து நிரப்புங்கள்.

பதில் இவ்வளவுதான் என்று முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்த மைல்களால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய நன்மை நடந்தது. இன்னொரு முறை என் தவறால் ஒரு பரிசு வீணானது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். நான் சிங்கப்பூருக்கு வந்து ஆறு ஆண்டுகள் வரை அம்மா இங்கே வரவே இல்லை. கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "எதற்கப்பா வீண் செலவு? அந்தக் காசில் மாடிக்கு ஓடு போடலாம்." டிக்கெட் எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்றால், ரத்து செய்யச் சொல்லி ஒரு வாரம் பேசாமல் இருந்துவிடுவார். இப்படி ஒரு முறை நடந்தும் இருக்கிறது. ஏழாம் ஆண்டு, என் கணக்கில் மைல்கள் காலாவதியாகும் தேதியைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் தற்செயலாகச் சொன்னேன்: "இது பணம் இல்லை அம்மா. ஆபீஸ் வேலையாகப் போய்வந்ததில் சேர்ந்தது. மார்ச்சுக்குள் பயன்படுத்தாவிட்டால் வீணாகிவிடும்."

"வீணாகிவிடுமா?" என்று கேட்டார் அம்மா.

இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் காலையில் சாப்பிடுகிறவர் அவர். முருங்கைக் காம்பைக்கூட ரசத்தில் போடுவார். ஒரு பொருள் வீணாகப் போகிறது என்பதை அவரால் தாங்கிக்கொள்ளவே முடியாது. அன்று மாலையே அப்பாவிடம் பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். செலவு என்றால் மறுக்கும் பெற்றோர், வீணாகும் என்றால் புறப்பட்டு வருவார்கள். பணத்தால் என்னால் செய்ய முடியாததை அந்த மைல்கள் செய்தன. உங்கள் பெற்றோரும் இப்படிப்பட்டவர்கள் என்றால் மைல்கள் எந்தத் தேதியில் காலாவதியாகின்றன என்று அவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஆட்கள் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முன்னெழுத்துதான். ஆதாரில் ஓர் எழுத்தாக இருக்கும், பாஸ்போர்ட்டில் அதை விரித்துத் தந்தை பெயராகவோ கணவர் பெயராகவோ எழுதியிருப்பார்கள். சிலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், இரண்டு பெயர்களும் சேர்ந்து கீழே இருக்கும். அம்மாவை நாமினியாகச் சேர்த்தபோது, எனக்குத் தெரிந்தபடி முன்னெழுத்தும் பெயருமாக எழுதிவிட்டேன். டிக்கெட்டும் அப்படியே வந்தது. பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பாஸ்போர்ட்டின் படத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், பெயர் பொருந்தவில்லை. படத்தை அனுப்பி, பலமுறை தொலைபேசியில் பேசி, ஒருவழியாகத் திருத்தி வாங்கினேன். தவறு முழுக்க என்னுடையது. அந்த இரண்டு வாரமும் எனக்குத் தூக்கமே இல்லை. விமான நிலைய கவுண்டரில் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் பெயர்க் குழப்பத்தால் தனியே நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே பெயரை வாயால் கேட்டு எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதில் உள்ள எழுத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்துச் சேருங்கள். காலாவதி நாளையும் அதே படத்தில் பார்த்துவிடலாம், பயண நாளுக்குப் பின் ஆறு மாதமாவது இருக்க வேண்டும்.

இன்னொன்று, மைல் டிக்கெட் முழுக்க இலவசம் அல்ல. வரியும் விமான நிலையக் கட்டணமும் பணமாகத்தான் செலுத்த வேண்டும். அதை நீங்களே செலுத்திவிடுங்கள். விசா கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி, அதுவும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். "டிக்கெட் என்னுடையது, மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் அது பாதிப் பரிசு. ஊரில் இருப்பவர்களுக்குப் பயமே அந்த மற்றதில்தான் இருக்கிறது. வீல்சேர் உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. நன்றாக நடக்கக்கூடியவர்களுக்கும் நான் அதைக் கேட்பேன். கூடவே ஒருவர் வந்து குடியேற்றச் சோதனை வரை அழைத்துப் போகிறார் என்பது முதல் முறை வருகிறவருக்குப் பெரிய தைரியம். சைவ உணவு வேண்டுமென்றால் ஒரு நாளுக்கு முன்பாகவே பதிந்துவையுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை வந்து சேருவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளங்களில் நிரப்பாதீர்கள். இதையும் நீங்களே இங்கிருந்து செய்துவிடலாம்.

தஞ்சாவூர் என்கிறீர்கள், அதனால் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்சியிலிருந்து, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட் நேராகச் சிங்கப்பூருக்கு வருகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோ சென்னையிலிருந்து வருகிறது. மைல்களுக்கு நல்ல மதிப்புக் கிடைப்பது இரண்டாவதில்தான். ஸ்கூட்டில் மைல்களைக் கொண்டு பணத்தைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மைலுக்குக் கிடைக்கும் மதிப்பு குறைவு. என் பெற்றோர் சோழன் எக்ஸ்பிரஸில் பகலில் ஏறி, எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கினார்கள். அங்கே சித்தப்பா மகன் காத்திருந்து அழைத்துப்போய் இரவு விமானத்தில் ஏற்றிவிட்டான். அப்படி ஆள் இல்லாவிட்டால், சென்னை என்றாலே பயப்படுகிற பெற்றோராக இருந்தால், பேசாமல் திருச்சி டிக்கெட்டைப் பணம் கொடுத்தே வாங்குங்கள், மைல்களை அக்கா குடும்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மைலின் மதிப்பைக் காப்பாற்ற வயதானவர்களை அலையவிடக் கூடாது.

இப்போது வீணான பரிசைப் பற்றி. மனைவியின் தம்பிக்குத் திருமணம். கையில் உறை கொடுப்பதைவிட நன்றாக இருக்கும் என்று நினைத்து, "என் கணக்கில் நாற்பதாயிரம் மைல்கள் உங்கள் இருவருக்கும். எப்போது வரவேண்டும் என்று சொல்லுங்கள், டிக்கெட் போட்டுவிடுகிறேன்" என்று ஒரு வாழ்த்து அட்டையில் எழுதிக் கொடுத்தேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். மைத்துனர் கேட்கவே இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை, வேலையாக இருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். கிரிஸ்ஃபிளையர் மைலின் ஆயுள் மூன்று ஆண்டு. அவ்வளவும் காலாவதியானது. பிறகு ஒரு நாள் மனைவி சொன்னாள்: "அவன் எப்படிக் கேட்பான்? அக்கா வீட்டுக்காரரிடம் போய் டிக்கெட் எடுத்துக்கொடுங்கள் என்று வாய் திறந்து கேட்க முடியுமா?" எனக்கு உறைத்தது. நம் குடும்பங்களில் மாப்பிள்ளையிடமோ மைத்துனரிடமோ ஒன்றைக் கேட்டு வாங்குவதைவிட அது இல்லாமலே இருந்துவிடுவார்கள். நான் கொடுத்ததாக நினைத்தேன், அவர் கேட்க வேண்டிய நிலையில் அவரை நிறுத்தியிருக்கிறேன். அன்று முதல் யாருக்கும் மைல்களை வாக்காகக் கொடுப்பதில்லை. "ஜூன் இரண்டாம் வாரமா, ஆகஸ்டு கடைசி வாரமா?" என்று இரண்டு தேதிகளை நானே வைத்துக் கேட்கிறேன். ஒன்றைச் சொல்வது அவர்களுக்கு எளிது.

நண்பர்களுக்குக் கொடுப்பது வேறு கதை. எங்கள் புளோக்கில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார், கப்பல் பட்டறையில் வேலை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அவருடைய தந்தை இறந்த செய்தி வந்தது. ஊரில் மறுநாள் மாலைக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பணக் கட்டணம் அவருடைய மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியாக இருந்தது. மைல் கணக்கில் பார்த்தால், மறுநாள் காலை சென்னை விமானத்தில் சேவர் வகையில் (குறைந்த மைல்களுக்குக் கிடைக்கும் இருக்கைகள்) ஓர் இடம் திறந்திருந்தது. கடைசி நாள் என்பதற்காகப் பணக் கட்டணம் போல அந்த மைல் விலை ஏறியிருக்கவில்லை. அவர் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, நாமினியாகச் சேர்த்து, அங்கேயே டிக்கெட்டைப் போட்டேன். சென்னையில் இறங்கிக் காரிலேயே ஊருக்குப் போய் முகம் பார்த்துவிட்டார். மைல்களுக்கு இதைவிட நல்ல பயன் ஒன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதனாலேயே ஐந்து நாமினி இடங்களில் ஒன்றை எப்போதும் காலியாக வைத்திருக்கிறேன், கணக்கிலும் ஒரு போக்கு டிக்கெட்டுக்கான மைல்களைத் தொடாமல் விடுகிறேன்.

காரியம் முடிந்து திரும்பியதும் அவர் பணத்தோடு வந்தார். வாங்க மறுத்தேன். ஊரில் மொய் நோட்டு எழுதிப் பழகியவர்கள் நாம், வாங்கியதைத் திருப்பாவிட்டால் உள்ளுக்குள் உறுத்தும். அது எனக்கும் புரிகிறது. ஆனால் விதியும் இதில் தெளிவாகவே இருக்கிறது: மைலையோ மைல் டிக்கெட்டையோ பணத்துக்கு விற்கக் கூடாது. ஏறக்குறைய எல்லா விமான நிறுவனங்களும் இதை எழுதிவைத்திருக்கின்றன, மீறினால் டிக்கெட்டை ரத்து செய்து கணக்கையே மூட முடியும். ஆகவே நண்பர் பாதிப் பணம் தருகிறேன் என்றாலும் வாங்காதீர்கள். அவர் ஊரிலிருந்து வரும்போது கடலை மிட்டாய் கொண்டுவந்தார், அதை வாங்கிக்கொண்டேன்.

மற்றத் திட்டங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவலாம். விமான மைல் பரவலானது, 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போகாமல் இருப்பதற்காகத் தன் மைல் திட்டத்தைத் தொடங்கிய பிறகுதான். ஆகவே அதைக் கணக்குக்காரரோடு கட்டிவைப்பதுதான் நிறுவனங்களுக்கு நல்லது. கணக்கு மாற்ற அனுமதிக்கும் பல இடங்களில் அதற்குக் கட்டணம் போடுவதும் இதனால்தான். அந்தக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்தால் பரிசின் பாதி போய்விடும். குடும்பமாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி வேறு, அது நல்லது: எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸில் குடும்பத்தினர் எட்டுப் பேர் வரை ஒரே கணக்கில் மைல்களைச் சேர்க்கலாம், பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஒரே முகவரிக்காரர்கள் சேர்ந்து குடும்பக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டல் பாயிண்டுகள் இன்னும் எளிது. மேரியட்டில் ஆண்டுக்கு 1,00,000 பாயிண்டுகள் வரை கட்டணமில்லாமல் இன்னொரு உறுப்பினருக்கு அனுப்பலாம்.

உங்கள் கார்டில் இருக்கும் பாயிண்டுகளை இப்போதே மைல்களாக மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் திரும்ப எடுக்க முடியாது, அன்று முதல் அந்த மூன்றாண்டு ஓடத் தொடங்கிவிடும். முதலில் இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு தேவையான அளவு மட்டும் மாற்றுங்கள். வங்கியிலிருந்து மைல்கள் வந்து சேரச் சில நாள்கள் ஆகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காலாவதி நாளுக்கு முன் டிக்கெட் எடுத்துவிட்டால் போதும், பயணம் அதற்குப் பிறகும் இருக்கலாம். பொங்கல், தீபாவளி, இங்குள்ள பள்ளி விடுமுறைகள், இந்த நாள்களில் சேவர் இடம் அரிதாகத்தான் திறக்கும். பிப்ரவரி நடுவிலோ ஜூலை கடைசியிலோ பாருங்கள். பெற்றோரின் பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி இன்றே ஊருக்குப் பேசுங்கள். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அதுதான், டிக்கெட் பிறகு. படம் வந்ததும் பெயர் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பாஸ்போர்ட் எண்ணை மட்டும் எழுதாதீர்கள்.