ஆதில் மன்சூரியும் ஆற்று மணலில் விளையாடிய நகரமும்

'குஜராத்தி மொழியிலும் கஜல் எழுதுகிறார்களா? ஒரே ஒரு கவிஞரைப் படிக்கலாம் என்றால் யாரைப் படிப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதுகிறார்கள், அதுவும் நூறாண்டுகளுக்கு மேலாக. பாலாசங்கர் கந்தாரியா, லாட்டி சமஸ்தானத்தின் அரசராக இருந்து 26 வயதில் மறைந்த கலாபி, பிறகு ஷய்தா, மரீஜ், சூரத்தில் தையற்கடை வைத்திருந்த கனி தஹீவாலா என்று வரிசை நீண்டது. குஜராத்தி நண்பர் எவரையேனும் கேட்டால் பெரும்பாலும் மரீஜின் பெயரைத்தான் சொல்வார். உருதுவின் பெருங்கவிஞர் காலிப்பின் பெயரால், குஜராத்தின் காலிப் என்றே அவரை அழைப்பது வழக்கம். நான் ஆதில் மன்சூரியைச் சொல்வேன். காரணத்தில் பாதி சொந்தக் கதை: தொண்ணூறுகளில் ஆறு ஆண்டுகள் அகமதாபாத்தில் வேலை பார்த்தேன். அந்த ஊரின் மொழியைக் காய்கறிக் கடையிலும் அலுவலகத்திலும் கற்றுக்கொண்ட எனக்கு, அதில் கவிதை என்று முதலில் காதில் விழுந்தது இவருடைய ஒரு கஜல்தான்.

ஆதில் 1936 மே 18 அன்று அகமதாபாத்தில் பிறந்தவர். பிரிவினைக்குப் பிறகு குடும்பம் கராச்சிக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் சொந்த ஊருக்கே திரும்பி வந்தது. ஆனால் எல்லை தாண்டிப் போய் வந்தவர்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்தாலும் குடியுரிமை அவ்வளவு எளிதில் திரும்பக் கிடைக்கவில்லை. நாட்டை விட்டு வெளியேறிப் பாகிஸ்தானுக்கே போக வேண்டியிருக்கும் என்ற நிலை வந்தபோது அவர் எழுதியதுதான் அந்தப் புகழ்பெற்ற கஜல் என்பது குஜராத்தி வாசகர்களிடையே பரவலாகச் சொல்லப்படும் பின்னணி. பிற்காலத்தில் அவர் அமெரிக்காவில் குடியேறியதால், பலர் அதை அமெரிக்கா போகும்போது எழுதியதாக நினைத்துக்கொள்வதுண்டு. அப்படிப் படித்தால் கவிதையின் பாரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. விரும்பிப் போகிறவன் இந்தத் தொனியில் விடைபெற மாட்டான்.

'நதீனி ரேத்மாம் ரம்தும் நகர் மளே ந மளே' என்பது அதன் முதல் வரி. ஆற்று மணலில் விளையாடும் இந்த நகரம் இனிக் கிடைக்குமோ கிடைக்காதோ என்பது பொருள். சபர்மதியை இன்று பார்க்கிறவர்களுக்கு இந்த வரி விளங்குவது கடினம். 2012இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட கரையோரப் பூங்காவும், இரு கரைகளிலும் எழுப்பிய கான்கிரீட் சுவரும், நர்மதைக் கால்வாயிலிருந்து வந்து நிற்கும் தண்ணீரும்தான் இன்றைய சபர்மதி. நான் போன காலத்தில் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அது அகலமான மணல்வெளி. எல்லிஸ் பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்தால், ஒரு பக்கம் முலாம்பழக் கொடிகள் படர்ந்திருக்கும். ஒரு பக்கம் சாயம் தோய்த்த துணிகளைக் காயப் போட்டிருப்பார்கள். பையன்கள் மூன்று குச்சிகளை நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் குஜரி சந்தையின் பழைய பூட்டுகளும் புத்தகங்களும் கட்டில் கால்களும் பாலத்தடியில் கடை விரித்துக் கிடக்கும். மணலில் நகரம் விளையாடுகிறது என்பது உவமை அன்று, கண்ணால் கண்டது. ஊரை விட்டே போகாதவர்களுக்கும் இன்று அந்த மணல் இல்லை.

கஜலின் இலக்கணத்தைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கவிதையின் வேலை முழுவதும் அங்கேதான் நடக்கிறது. கஜல் ஈரடிகளின் கோவை; ஒவ்வோர் ஈரடியும் தன்னளவில் முழுமையானது. இரண்டாம் அடியின் இறுதியில் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் சொல்லோ தொடரோ ரதீஃப். அதற்குச் சற்று முன்னால் ஓசை ஒத்து மாறி மாறி வரும் சொல் காஃபியா. முதல் ஈரடியில் மட்டும் இரண்டு அடிகளும் இவ்வாறு முடியும். கடைசி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரைப் பதிப்பார், கீர்த்தனையில் முத்திரை வைப்பதைப் போல. எதுகையை அடியின் தொடக்கத்தில் தேடிப் பழகிய நம் காதுக்கு இந்த இறுதி இயைபு முதலில் சற்றுத் தட்டையாகப் படலாம், பழகினால் விடாது.

இங்கே ரதீஃப் 'மளே ந மளே'. உருதுவில் 'மிலே ந மிலே' என்று லகரமாக ஒலித்திருக்கும். இந்தியில் வழங்காத ளகரம் குஜராத்தியில் உண்டு. அந்த ஓர் எழுத்தாலேயே இந்த கஜல் உருதுவின் நகலாகாமல் அந்த மண்ணின் குரலாகிவிடுகிறது. குஜராத்தியில் ஐந்தே எழுத்தில் முடிகிற தொடர், 'கிடைக்குமோ கிடைக்காதோ' என்று தமிழில் பத்தெழுத்தாக நீள்கிறது. நான் பலமுறை மொழிபெயர்க்க முயன்று கைவிட்டதற்கு அதுவே காரணம்: மூலத்தில் அது பெருமூச்சின் அளவு, தமிழில் கொண்டுவந்தால் முறையீட்டின் அளவு. காஃபியாச் சொற்களையும் கவனியுங்கள். நகர், உபர், அசர், நஜர், கர், கபர், ஹம்சஃபர், உம்ரபர். நகரும் உபரும் வீட்டைக் குறிக்கும் கரும் இந்த மண்ணின் சொற்கள். அசரும் நஜரும் கபரும் அரபியிலிருந்து வந்தவை. ஹம்சஃபரைக் கொண்டு வந்தது பாரசீகம். இவை அனைத்தும் ஒரே ஓசையில் தோளோடு தோள் நிற்கின்றன. நீ எந்த நாட்டவன் என்று கேட்கப்பட்ட ஒருவர் எழுதிய கவிதை இது.

ஏழு ஈரடிகளில் அவர் கேட்பதெல்லாம் சிறிய விஷயங்கள். இந்த மண்ணின் ஈர மணத்தை மூச்சில் நிரப்பிக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களைக் கண்ணாரப் பார்த்துக்கொள்ள விடுங்கள். தெருக்களையும் சன்னல்களையும் சுவர்களையும் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். எனக்கு இட மாறுதல் வந்து அலுவலகத்தில் விடைகொடுத்த அன்று, நாங்கள் எல்லோரும் காகா என்று அழைத்த தலைமைக் கணக்கர் எழுந்து இந்த வரிகளைச் சொன்னார். கையில் தாளில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஒவ்வோர் ஈரடியின் முடிவிலும் 'மளே ந மளே' என்பதை மற்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். பின்னர் அச்சில் படித்தபோதுதான் அவர் ஒன்றை விட்டுவிட்டார் என்பது தெரிந்தது. உறவுகளைக் கட்டிக்கொண்டு இன்றே அழுதுவிடுங்கள், பிறகு யாருக்கும் யாருடைய கல்லறையும் கிடைக்குமோ கிடைக்காதோ என்பது அந்த ஐந்தாம் ஈரடி. விடைகொடுக்கும் கூட்டத்தில் அதைச் சொல்ல அவருக்கு மனம் வந்திருக்காது.

அந்த ஈரடியைப் படிக்கும்போது எனக்கு வலி என்ற பெயர்கொண்ட கவிஞரின் நினைவு வரும். தக்காணத்தார் வலி தக்கனி என்றும், குஜராத்தியர் வலி குஜராத்தி என்றும் உரிமை கொண்டாடும் அந்த முன்னோடி உருதுக் கவிஞர், குஜராத்தைப் பிரிந்த துயரத்தை ஒரு கவிதையாகவே பாடியவர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகமதாபாத்தில் அடக்கமானார். ஷாஹிபாக் பகுதியில் இருந்த அவருடைய சமாதி 2002 கலவரத்தில் இடிக்கப்பட்டு, அந்த இடத்தின் மேல் தார்ச்சாலை போடப்பட்டது. ஆதில் அந்த ஈரடியை எழுதியது அதற்குப் பல ஆண்டுகள் முன்பு. ஆகையால் அதை முன்னறிவிப்பு என்றெல்லாம் நான் ஏற்றிச் சொல்லப் போவதில்லை. ஆனால் கஜல் பணிக்காக வலி குஜராத்தியின் பெயரிலேயே அமைந்த விருது 2008இல் ஆதிலுக்கு வழங்கப்பட்டது என்பதையும், அதே ஆண்டு நவம்பர் 6 அன்று அவர் அமெரிக்காவில் காலமானார் என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்த ஒரு கஜலின் புகழ் மற்ற வேலைகளை மறைத்துவிட்டது என்ற குறை எனக்கு உண்டு. லாபசங்கர் டாக்கர், சினு மோதி முதலியோருடன் 'ரே மட்' என்ற குழுவில் இருந்து, அறுபதுகளில் குஜராத்திக் கவிதையின் பழைய பழக்கங்களைக் கேலி செய்து கலைத்தவர்களில் ஆதிலும் ஒருவர். 'வளாங்க்' 1963இலும் 'பகரவ்' 1966இலும் வந்தன. முதலாவதற்குத் திருப்பம் என்றும் அடுத்ததற்குக் காலடி ஓசை என்றும் பொருள். நாடகமும் எழுதினார், உருதுவிலும் எழுதினார், குஜராத்தி எழுத்துகளையே ஓவியமாகத் தீட்டினார். மரபு அவருக்குக் கைவராமலும் இல்லை: உலகில் காதல் தொடங்கிய அன்றே முதல் கஜலும் அரங்கேறியிருக்கும் என்று ஆரம்பிக்கும் கஜலில், முக்காடு விலகியதும் காலை விடிந்திருக்கும், கூந்தல் சரிந்த பின்தான் இரவு வந்திருக்கும் என்று மிகப் பழைய பாணியிலேயே கொஞ்சுவார். எனக்கு இது சற்றுத் தித்திப்பு அதிகம். மேடையில் பாடக் கேட்பவர்கள் என் கருத்தை ஏற்க மாட்டார்கள்.

எழுத்துத் தெரியாவிட்டால் எப்படித் தொடங்குவது என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். படிப்பதற்கு முன் யாராவது சொல்லக் கேளுங்கள். முதல் அடியைச் சொல்லுகிறவர் வழக்கமாக இரண்டு முறை சொல்வார், அடுத்த அடியில் காஃபியா என்னவாக இருக்கும் என்று அவையினர் யோசிக்க நேரம் வேண்டும் என்பதற்காக. தெருக்கள், சன்னல்கள், சுவர்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே வரும்போது 'கர்' என்ற சொல்லை நீங்களே முந்திச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் குஜராத்தி அகராதி வாங்குவது உங்கள் விருப்பம்.